சண்டை மீனும் அதன் சகவாசமும்

ஜாசின்

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பசார் மாலாம் இரவுச் சந்தையில் உன் அப்பா வாங்கித் தந்த நீல நிறச் சண்டை மீன் கண்ணாடித் தொட்டியில் தன்னந்தனியாக மிதந்துகொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு மனம் கேட்கவில்லை என்றும், அதற்குத் துணையாக வேறு சில மீன்களை வாங்கி விடலாமா, விடுவதானால் எந்த ஜாதி மீன்களை விடலாம் என்றும் கேட்டிருக்கிறாய். வாயில்லாத ஒரு ஜீவனுக்காக இவ்வளவு இரங்கும் உன் நெஞ்சை நான் மெச்சுகிறேன். ஆயினும் அந்த இரக்கம் மீனுக்கு நன்மையாக முடியவேண்டுமானால், முதலில் மீனின் சுபாவத்தை நீ அறிந்துகொள்ள வேண்டும் என்பதனால், உன் கேள்விக்கு ஒரு வரியில் விடை எழுதாமல், சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

ஏகாந்தம் என்பது நமக்குத் துன்பம். சண்டை மீனுக்கு அதுவே வாழ்க்கை. ஆண் மீன் ஒன்று, நீர்ப்பூண்டுகள் அடர்ந்த ஆழமில்லாத நீரில், தனக்கென்று ஒரு சிறு இடத்தை வரித்துக்கொண்டு, நீர்மட்டத்தில் வாயினால் காற்றுக்குமிழிகளை ஊதி ஊதி ஒரு நுரைக்கூடு கட்டுகிறது. பெண் மீன் வந்து இட்ட முட்டைகள் கீழே விழ விழ, அவற்றை வாயில் கவ்வியெடுத்து அந்தக் கூட்டில் ஒட்டவைப்பதும், ஏறக்குறைய ஒன்றரை நாளில் அவை பொரிக்கும் வரையிலும், பொரித்த குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கும் வரையிலும் உறங்காமல் காவல் காப்பதும் தகப்பனுடைய வேலை. முட்டையிட்டு முடித்த மறுகணமே அந்தப் பெண் மீனைக்கூட அது துரத்தி விடுகிறது. முட்டைகளை அவள் தின்றுவிடக்கூடும் என்பதே அதற்குக் காரணம். இப்படிப்பட்ட ஒரு பிராணியின் கண்ணில் வேறொரு மீன் படும்போது, 'துணை வந்தது' என்ற எண்ணம் அதற்குத் தோன்றுவதில்லை. தன் இடத்துக்கு ஆபத்து வந்தது என்றே தோன்றுகிறது. ஆகையால் உன் மீன் வாடிக் கிடக்குமானால், தண்ணீர் அசுத்தம், தொட்டியின் சிறுமை, ஒளிந்துகொள்ள இடமின்மை இவற்றில் ஒன்றே காரணமாயிருக்கும் என்று நினை, தனிமை காரணமாயிராது.

இந்தச் சுபாவத்தை மனிதன் வேண்டுமென்றே கூர்மையாக்கியும் விட்டான். கீழ்த்திசைக் கம்பெனியாரிடம் வைத்தியராயிருந்த தியோடர் காண்டர் என்னும் டேனிஷ்காரர், பினாங்கிலிருந்து மீன்களைச் சேகரித்து, 1849இல் மலாயா மீன்களைப் பற்றி வெளியிட்ட பட்டியலிலேயே சண்டை மீனைக் குறித்திருக்கிறார். அவர் பெயரிட்ட மீன் மலையோடைகளில் வாழ்வது. கூடு கட்டாமல் முட்டைகளை ஆண் மீன் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பது. சயாம் நாட்டில் பந்தயத்துக்கு விடப்பட்டுவந்த மீன் அதனின்றும் வேறான ஓர் இனம் என்பதைக் கண்டறிந்து, 1910இல் அதற்குத் தனிப்பெயர் சூட்டியவர் லண்டன் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்த சார்லஸ் டேட் ரீகன். உன் தொட்டியிலிருப்பது இந்தச் சயாம் மீனின் சந்ததியே. 2022இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, மனிதன் இதனை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும் என்று மதிப்பிடுகிறது. தாய்லாந்து அரசாங்கம் 2019இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்திருக்கிறது. நீண்ட செட்டைகளும் கண்ணைப் பறிக்கும் வர்ணங்களும் பிற்காலத்தார் அழகுக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. அவற்றுக்கு முன்னரே, தலைமுறை தலைமுறையாக, எளிதில் பின்வாங்காத மீன்களையே பொறுக்கியெடுத்து இனம்பெருக்கி வந்திருக்கிறார்கள். ஆதலால் கடையில் வாங்கும் மீனின் கோபம் காட்டு மீனின் கோபத்தைவிட நீடித்தது. நீண்ட செட்டையின் பாரத்தினால் அது ஓடவும் இயலாதது. கோபமும் இயலாமையும் ஒரே உடலில் சேர்ந்திருப்பதுதான் துணை தேடும் காரியத்தில் நமக்குள்ள பெருஞ்சங்கடம்.

நம் மலாயாத் தாழ்நிலங்களில் தானாகவே வாழும் சண்டை மீன் இன்னொன்று உண்டு. கறுத்த உடலில் பச்சையும் நீலமும் மின்ன, வால் ஓரத்தில் பிறை வடிவில் சிவப்புக் கோடு கொண்ட சிறிய மீன் அது. விஞ்ஞானிகள் அதைத் தனி இனமென்று பதிவுசெய்தது 1975இல்தான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது அதற்கு வெகு காலம் முன்பே தெரிந்த மீன். 1896இல் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டு, அடுத்து புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் போட்ட காலந்தொட்டு, நம்மவர்கள் இங்கே வந்து காடழித்தபோது, நீர் தேங்கும் பள்ளங்களை வடிப்பதற்காகத் தோட்டந்தோறும் கால்வாய்கள் வெட்டினார்கள். பால் மரத்து நிழலில் இலை ஊறிப் பழுப்பேறிய தண்ணீர் மெதுவாக நகரும் அந்தக் கால்வாய்களும், அவை போய்ச் சேரும் சதுப்புகளும், அப்பால் மலாய்க்காரர்களின் நெல்வயல்களும் இந்த மீனுக்கு நல்ல குடியிருப்புகளாயின. தோட்டத் தொழிலாளர் லயத்துப் பையன்கள் பள்ளி விட்டதும் கைகளைக் குவித்து நுரைக்கூட்டுக்கு அடியில் நுழைத்து மீனைக் கோலியெடுப்பார்கள். ஆளுக்கொரு போத்தலில் போட்டு, போத்தல்களுக்கிடையே ஓர் அட்டையைச் செருகி வைப்பார்கள். அட்டையை உருவினால் இரண்டும் செவுள் மூடிகளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதும். மலாய்ப் பிள்ளைகள் 'ஈக்கான் லாகா' என்று அழைத்த அந்த மீன்தான் இரு சமூகத்துச் சிறுவர்களுக்கும் பொதுவான விளையாட்டுப் பொருளாயிருந்தது. இப்போது பால் மரத்துக்குப் பதிலாகச் செம்பனை வந்துவிட்டது. பள்ளங்கள் பல மேடாகி வீடமைப்புப் பகுதிகளாயின. அந்த மீனை நீ கால்வாயில் காண்பது அரிது.

அக்கால்வாய்களில் சண்டை மீன் தனியாக இருக்கவில்லை என்பதையும் நீ கவனிக்க வேண்டும். விரால் இருந்தது, செப்பாட் இருந்தது, கொசுப்புழு தின்பதற்கென்று எவரோ கொண்டுவந்து விட்ட கப்பி மீன்கள் இருந்தன, இறாலும் நத்தையும் தவளைக்குஞ்சும் இருந்தன. அப்படியிருந்தும் அங்கே சண்டை மீன்கள் ஒன்றையொன்று கொன்று குவிக்கவில்லை. ஏனென்றால், இரண்டு ஆண் மீன்கள் எதிர்ப்பட்டால், ஒன்று செட்டையை விரித்து மிரட்டும். மற்றது தன் பலத்தை எடைபோட்டுப் பார்த்து, ஈடுகொடுக்க முடியாதென்று கண்டால், இரண்டு பாகம் தள்ளிப் புல்லுக்குள் போய் மறைந்துகொள்ளும். தோற்றவன் ஓடிப்போக இடமிருந்தது. ஓடிவிட்டவனை ஜெயித்தவன் தேடிப்போவதில்லை. லயத்தில் அண்டை வீட்டாருக்குள் மனஸ்தாபம் வந்தால் ஒருவர் எழுந்து வேறு தோட்டத்துக்குப் போய்விடுவதைப் போன்றது அது. கண்ணாடித் தொட்டியிலோ போக்கிடமில்லை. தோற்ற மீன் எந்த மூலைக்குச் சென்றாலும் ஜெயித்த மீனின் கண் முன்னேயே நிற்கிறது. தோல்வியை ஒப்புக்கொண்டு விலகிவிட்டது என்பதை எதிரி அறிவதற்கு வழியே இல்லாததனால், ஒரு நிமிஷத்தில் முடியவேண்டிய பூசல் உயிர் போகும் வரையில் நீடிக்கிறது. துணை மீனைத் தேர்ந்தெடுக்கும் கலை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஓடிப்போக வேண்டிய அவசியமே உண்டாகாத மீனாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒருகால் அவசியம் உண்டானால் ஓடி மறைய இடமும் அமைத்துத் தரவேண்டும்.

எந்த மீனைக் கண்டால் இதற்கு ஆத்திரம் வருகிறது? தன்னைப் போலிருக்கும் மீனைக் கண்டால்தான். இதைத் தெரிந்துகொள்ள, இதன் உறவுமுறையை நீ சிறிது அறிய வேண்டும். சண்டை மீனின் தலையில், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு இருக்கிறது; அதன் வழியாக அது நீர்மட்டத்துக்கு வந்து ஆகாயத்துக் காற்றை நேராகச் சுவாசிக்கிறது. பிராணவாயு குறைந்த தேக்க நீரிலும் அது பிழைத்திருப்பது இதனால்தான். மேலே வரவொட்டாமல் தடுத்தால் நீருக்குள்ளேயே மூச்சுத் திணறி இறந்துவிடுவதும் இதனால்தான். இவ்வுறுப்பைப் பெற்ற மீன்கள் ஒரு பெரிய கூட்டம். இங்கே மலாய்க்காரர்கள் 'புயூ' என்கிற, நம் முன்னோர் ஊரில் 'பனையேறி' என்று வழங்கிய மீன் அக்கூட்டத்தைச் சேர்ந்ததே. தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் சேனையில் உத்தியோகம் பார்த்த டால்டார்ஃப் என்பவர், 1791இல் ஒரு குளக்கரைப் பனையின் பட்டையில் நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் அந்த மீனைப் பிடித்ததாக எழுதிய செய்தி, 1797இல் லண்டன் லின்னேயஸ் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. மரமேறிய கதையைப் பின்வந்த விஞ்ஞானிகள் சந்தேகித்தார்கள். ஈரத்தரையில் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து மறு குட்டைக்கு அது போவதை மட்டும் எவரும் மறுக்கவில்லை. புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பத்து ஆற்றின் பெயரையே தன் விஞ்ஞானப் பெயரில் தாங்கிய, நுரைக்கூடு கட்டும் சிறு மீன் ஒன்றும் இந்த வம்சத்தில் உண்டு. ஆக, சண்டை மீனுக்குத் தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பங்காளிகள் இருக்கிறார்கள்.

பங்காளிகள் என்று சொன்னேன், பகையும் அங்கேதான். செப்பாட், குராமி, சொர்க்க மீன் என்றெல்லாம் கடையில் விற்கப்படும் இதன் உறவு மீன்களுள் பெரும்பாலானவை இதைப் போலவே நீர்மட்டத்தில் வாழ்ந்து, மேற்காற்றை உண்டு, நுரைக்கூடு கட்டி, அந்த இடத்துக்காக உரிமை கொண்டாடுபவை. அவற்றில் எதையும் உன் தொட்டியில் விடாதே. மற்றோர் ஆண் சண்டை மீனை விடுவது கொலைக்குச் சமானம். ஓர் ஆணுடன் ஒரு பெண்ணைக் குடிவைப்பதும் தகாது. இனப்பெருக்கத்துக்காக அநுபவமுள்ளவர்கள் சில நாட்கள் சேர்த்துவைத்துப் பின்னர் பிரித்துவிடுவார்களேயன்றி, எப்போதும் சேர்த்து வைத்திருப்பதில்லை. பெண் மீன்களாகவே ஐந்தாறு வாங்கி ஒன்றாக விட்டால் ஒற்றுமையாயிருக்கும் என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லை நம்பாதே. சில வாரங்கள் அமைதியாகத் தோன்றினாலும், அவற்றுள் ஒன்று மற்றவற்றை அடக்கி ஆள்வதும், பலங்குறைந்தது தீனி கிடைக்காமல் மெலிந்து நோய்ப்படுவதும் பெரும்பாலும் நடக்கிறது.

கப்பி மீனை நீ ஆசையோடு குறிப்பிட்டிருக்கிறாய். கால்வாயில் இரண்டும் வாழ்ந்தனவே என்று நீ வாதாடக்கூடும். கால்வாய்க் கப்பி சிறுத்த, மங்கிய மீன். கடைக் கப்பியின் ஆணுக்கோ விசிறிபோல் அகன்று ஜொலிக்கிற வாலை வளர்த்து வைத்திருக்கிறார்கள். உன் சண்டை மீன் அந்த வாலைப் பார்த்ததும் தன் இனத்து எதிரி என்றே மயங்கும். அதற்கு நேர்மாறான தீங்கு கோடு போட்ட புலிக்கெண்டை போன்ற குறும்பு மீன்களால் வருவது. அவை கூட்டமாக வந்து நீண்ட செட்டைகளைக் கடித்துக் கந்தலாக்கிவிடும். அங்கே துன்புறுவது உன் மீன்தான். தேவதை மீன் என்னும் ஏஞ்சல் மீனையும் இதே காரணத்தால் ஒதுக்கு. தங்கமீன் குளிர்ந்த நீரை நாடுவது, மிகுதியாகக் கழிவு விடுவது, பெரிதாக வளர்வது. மூன்று வகையிலும் பொருந்தாது. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விரல் நீளத்தில் விற்கிறார்களே 'பண்டாராயா' மீன், அது ஓரடிக்கு மேல் வளரக்கூடிய தென் அமெரிக்க மீன். வளர்ந்தபின் வைத்துக்கொள்ள இடமில்லாமல் ஆற்றிலே விட்டுவிடுபவர்கள் பலர். இன்று நம் நாட்டு ஆறுகள் பலவற்றில் அது பெருகி வலைஞர்களுக்குத் தொல்லையாயிருக்கிறது.

இனி, விடத்தக்கவற்றைச் சொல்கிறேன். என் மனத்துக்கு எல்லாவற்றிலும் உகந்தது ராஸ்போரா மீன். அதிலும், செம்பு நிற உடலின் பின்பாதியில் கறுப்பு முக்கோணம் ஒன்றைத் தாங்கிய இனம். 1904இல் விஞ்ஞானப் பெயர் பெற்ற இந்த மீன் மலாயாவின் சொந்தப் பிரஜை. கரிச்சதுப்புக் காடுகளில், இலை ஊறித் தேநீர் நிறமான ஓடைகளில் வாழ்வது. உன் சண்டை மீனுக்குப் பிடித்தமான மென்மையான, சற்றே புளிப்பான, வெதுவெதுப்பான நீர்தான் இதற்கும் பிடித்தம். விரற்கடை மூன்றுக்கு மேல் வளராது. செட்டை சிறியது, ஆகவே ஆத்திரமூட்டாது. வேகமாகத் திரும்பும்; ஆகவே துரத்தினாலும் அகப்படாது. தொட்டியின் நடுமட்டத்திலேயே உலாவி, மேல்மட்டத்தைச் சண்டை மீனுக்கு விட்டுக்கொடுத்துவிடும். ஆனால் இது கூட்டமாக வாழும் ஜாதி. இரண்டு மூன்று மட்டும் வாங்கினால் அவை அஞ்சி நிறம் வெளிறிப்போகும். எட்டுக்குக் குறையாமல் வாங்கு. உண்மையில் தனிமையால் வருந்துகிற மீன் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும். உன் இரக்கத்தை இதன்பால் செலுத்து.

அடிமட்டத்துக்கு, மஞ்சளும் கறுப்புமாக வளையமிட்டுச் சிறு பாம்புபோல் நெளிகிற குஹ்லி மீனை நான் சொல்வேன். இந்த வகையும் நம் தீபகற்பத்து ஓடைகளில் உண்டு. பகலில் இலைக்கும் வேருக்கும் அடியில் பதுங்கிக் கிடந்து, விளக்கணைந்தபின் வெளியே வந்து தீனி தேடும் இதற்கும் சண்டை மீனுக்கும் முகதரிசனமே அரிது. மெல்லிய மணல் பரப்பி, நாலைந்தாக விட வேண்டும். கூரிய கல் இதன் உடம்பைக் கிழித்துவிடும். பிற நாட்டு நூல்கள் யாவும் கோரிடோராஸ் என்னும் தென் அமெரிக்க மீனையே அடிமட்டத்துக்குச் சிபாரிசு செய்கின்றன. அது சாதுவான மீன்தான். ஆனால் அதன் வகைகளுள் பல, நம் மலாக்கா வெப்பத்தைவிடக் குளிர்ந்த நீரில் பழகியவை. அந்நூல்கள் குளிர் தேசத்தாருக்காக எழுதப்பட்டவை என்பதை மறக்காதே. தொட்டிக்கு நீர்ச்சூடேற்றி வாங்கச் சொல்வதும் அவர்களுக்காகத்தான். குளிர்சாதனம் ஓடும் அறையில் தொட்டியை வைத்தாலன்றி, நம்மூரில் அது வேண்டுவதில்லை.

நத்தை வைக்கலாம். வரிவரியான ஓடுடைய நெரைட் நத்தை நல்லது. உப்புக் கலவாத நீரில் அதன் குஞ்சுகள் பிழைப்பதில்லை, ஆதலால் பெருகித் தொட்டியை நிறைக்காது. வயல்களில் நெற்பயிரை அழிக்கும் பொன்னிற ஆப்பிள் நத்தையை மட்டும், அழகாயிருக்கிறதென்று வாங்கிவிடாதே. சிறு சிவப்பு இறால்கள் சில மீன்களோடு வாழ்ந்துவிடும், சில மீன்களுக்கு விருந்தாகிவிடும். சண்டை மீன் ஒவ்வொன்றுக்கும் குணம் வேறு. இறால் வாங்கினால் இழக்கவும் ஆயத்தமாயிரு.

இவையெல்லாம் உன் இப்போதைய சிறு தொட்டியில் முடியாத காரியம். சண்டை மீன் ஒன்று தனியாக வாழவே இருபது லிட்டர் நீர் கேட்கிறது. துணையோடு வாழ வேண்டுமானால் இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி வேண்டும். நிரப்பினால் அதில் ஏறத்தாழ 56 லிட்டர் கொள்ளும். முழுக்க நிரப்பாமல் மேலே சில அங்குலம் விட்டு, காற்றுப் புகும் மூடி போட்டு வை. சண்டை மீன் தாவிக் குதிக்கும். வேகமாக நீரை இறைக்கும் வடிகட்டி உதவாது. நீண்ட செட்டையால் நீரோட்டத்தை எதிர்த்து நிற்க அதனால் முடியாது. காற்றுக்குழாயில் மாட்டும் பஞ்சு வடிகட்டியே போதும்.

தொட்டியில் நீரை ஊற்றிய அன்றே மீன்களைக் கொட்டுவது பெரும்பிழை. மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது விஷம். கண்ணுக்குத் தெரியாத ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அதுவும் விஷம். மற்றொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இந்த நுண்ணுயிர்கள் பஞ்சிலும் மணலிலும் போதிய அளவு பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை சிறு சிட்டிகை தீனியைத் தினமும் வெறும் நீரில் போட்டு வந்து, சோதனைத் திரவம் வாங்கி அம்மோனியாவும் நைட்ரைட்டும் முற்றும் மறைந்ததைப் பார்த்தபின்பே உயிர்களை விட வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் இந்நுண்ணுயிர்களையும் மீனின் செவுளையும் ஒருங்கே கெடுக்கும். கடையில் விற்கும் குளோரின் முறிப்பு மருந்தைச் சில துளி விட்ட பிறகே நீரைச் சேர். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்று.

கடற்கரையோரங்களிலும் பள்ளி வளாகங்களிலும் நிற்கும் நாட்டுவாதுமை மரத்தை மலாய்க்காரர்கள் 'கெத்தாப்பாங்' என்பார்கள். தானாக உதிர்ந்து காய்ந்த அதன் இலை இரண்டைக் கழுவிப் போட்டால், நீர் பழுப்பேறிச் சற்றுப் புளித்து, அந்த மீன்களின் பிறந்தகத்து நீரைப் போலாகிவிடும். ஜாவாப் பாசி, ஜாவாப் பெரணி போன்ற, வெளிச்சம் அதிகம் கேட்காத செடிகளை அடர்த்தியாக வை. தொட்டியின் ஒரு முனையில் நின்று பார்த்தால் மறு முனை தெரியக்கூடாது. முன்பு சொன்னேனே, தோற்றவன் மறைந்துகொள்ள இடம் வேண்டுமென்று. அதை இந்தச் செடிகளே தருகின்றன. இயற்கையாயிருக்கட்டும் என்று கருதித் தோட்டத்துக் கால்வாயிலிருந்து செடியோ நீரோ எடுத்துவராதே. களைக்கொல்லி மருந்துகளில் கொடியதான பாராகுவாட் 2020 சனவரி முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது என்றாலும், வேறு மருந்துகள் தெளிக்கப்பட்டே வருகின்றன. மழை பெய்தால் அவை வந்து சேரும் இடம் கால்வாய்தான். மீனுக்குத் தீனியாகட்டும் என்று வாசலில் வாளி வைத்துக் கொசுப்புழு வளர்ப்பதும் கூடாது. டெங்கு பரவுவதோடு, 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றமுமாகும்.

தொட்டி பக்குவமானதும், துணை மீன்களையே முதலில் விடு. கடையிலிருந்து வந்தவற்றை இரண்டு வாரமாவது வேறு பாத்திரத்தில் வைத்து, வெண்புள்ளியோ பூஞ்சணமோ இல்லையென்று தெளிந்த பிறகு விட வேண்டும். அவை இடம் பழகியபின், கடைசியாக, மாலையில் விளக்கைத் தணித்துவிட்டுச் சண்டை மீனை விடு. அது முந்தி வந்து தொட்டி முழுவதையும் தன் உடைமையாக்கிக்கொண்ட பிறகு மற்றவற்றை விட்டால், எல்லாமே அத்துமீறி நுழைந்தவை என்று அதற்குப் படும். முதல் ஒரு மணி நேரம் அருகிலேயே இரு. ஒருமுறை இருமுறை செவுளை விரித்து மிரட்டிவிட்டுத் தன் வழியே போனால் கவலையில்லை. விடாமல் துரத்தினால், எந்த மீனின் செட்டையாவது கிழிந்தால், அல்லது உன் மீனே செட்டையை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கித் தீனியை மறுத்தால், மறுநாள் சரியாகிவிடும் என்று காத்திராமல் அக்கணமே பிரித்துவிட வேண்டும். முதல் நாள் சாந்தமாயிருந்த மீன் நாலாவது வாரத்தில் கோபங்கொள்வதும் உண்டு. ஆகையால் கண்காணிப்பை விட்டுவிடாதே. தீனியிலும் ஜாக்கிரதை வேண்டும். சண்டை மீன் மாமிச பட்சணி. அடிமீன்களுக்காகப் போடும் தீனியையும் விழுங்கி வயிறு உப்பிப்போகும். அதற்கு உரியதை முதலில் மேலே கொடுத்துவிட்டு, குஹ்லி மீன்களுக்கு உரியதை விளக்கணைத்த பின் போடு.

எவ்வளவு சரியாகச் செய்தாலும் எந்தத் துணையையும் சகியாத மீன்களும் உண்டு. உன்னுடையது அப்படிப்பட்டதாயிருந்தால் வருந்தாதே; பெரிய தொட்டியில் ராஸ்போராக்களும் குஹ்லியும் வாழட்டும், அது தன் இருபது லிட்டரில் செடிகளுக்கிடையே ராஜாவாக இருக்கட்டும். எந்த மீனையும், எந்தக் காரணத்துக்காகவும், மலாக்கா ஆற்றிலோ வீட்டுக்குப் பின்னாலுள்ள ஓடையிலோ விட்டுவிடாதே. வளர்ப்பு மீன் நம் காட்டுச் சண்டை மீனோடு கலந்தால், மிச்சமிருக்கிற அந்தச் சிறு பிறைவால் மீனின் வம்சம் கெட்டுப்போகும்.

வளர்ப்புச் சண்டை மீனின் ஆயுள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். உன் மீனுக்கு இன்னும் காலமிருக்கிறது, அவசரம் வேண்டாம். அப்பாவிடம் சொல்லி, பெரிய தொட்டி வாங்கும் அன்றே, பிரித்து வைப்பதற்கென்று இப்போதிருக்கும் சிறு தொட்டியையும் தூக்கிப் போடாமல் கழுவி எடுத்து வைக்கச் சொல். அது கையிலிராமல் துணை மீன் வாங்கக் கடைக்குப் போகாதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அத்தை